வெள்ளி மூக்கு

பாஸ்கலின் மூக்கு செத்து அன்றோடு நாற்பத்தொன்பது நாள்.

ஆள் நன்றாகத்தான் இருந்தார். ஐம்பத்து மூன்று வயதில் முடி கொட்டவில்லை, முட்டி வலிக்கவில்லை. மூக்கும் பார்வைக்குப் பழைய மூக்குதான். முகத்தின் நடுவில், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீட்டிக்கொண்டிருந்தது. வாசனைதான் தெரியவில்லை. மாசி மாதத்தில் நாலு நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காலை காபியை வாயருகே கொண்டுபோனார். வெந்நீரை மோந்தது போல இருந்தது. சோப்பை எடுத்து மோந்தார். மண்ணெண்ணெய் கேனைத் திறந்து மோந்தார். கடைசியில், மனைவி சிலுவையம்மாள் விற்க எடுத்து வைத்திருந்த கருவாட்டுக் கூடைக்குள் முகத்தையே புதைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

காசிமேட்டில் குடியிருக்கும் ஒருவருக்கு வாசனை தெரியாமல் போவதை வரம் என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் பாஸ்கல் பிழைப்பது மூக்கால்.

மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பகலவன் ஐஸ் கம்பெனி இருக்கிறது. கடலுக்குப் போகும் படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் போகும். அந்த ஐஸை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் அது வீட்டு மாடு. வெளியே வந்தால் கொம்பு முளைத்துவிடும். கண்ணைக் குத்தும், தொண்டையை அடைக்கும், கொஞ்சம் மிஞ்சினால் நெஞ்சுக்குள் இறங்கி ஆளையே சாய்த்துவிடும்.

அதனால் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்பும், எந்த வால்வைக் கழற்றி மாட்டிய பிறகும், பாஸ்கல் மூக்கைத் தூக்கிக்கொண்டு குழாய் நெடுக ஒரு சுற்று வருவார். பிறகு கம்ப்ரெஸர் ரூம் வாசலில் நின்று "கிளீன்" என்பார். அதற்குப் பிறகுதான் ஐஸ் தூக்கும் பன்னிரண்டு பேரும் கொக்கியைக் கையில் எடுப்பார்கள். இருபத்தேழு வருடமாக இதுதான் நடைமுறை. அவர் பெயரே மூக்கு பாஸ்கல். ஒருமுறை தூரத்தில் கல்மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், அங்கிருந்தபடியே மூன்றாம் நம்பர் வால்வு கசிவதைச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. அது பொய். அவர் அன்று கம்பெனி கேட்டில்தான் நின்றிருந்தார். ஆனால் அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். ஆறு மாசம்கூட ஆகலாம். வராமலும் போகலாம்" என்றார். பஸ் வரும் போகும் என்பது போலச் சொன்னார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பாஸ்கல் வழக்கம்போல ஒரு சுற்று வந்தார். வாசலில் நின்றார். பன்னிரண்டு முகங்கள் அவரைப் பார்த்தன. எனக்கு மூக்கு போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருபத்தேழு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"கிளீன்" என்றது வாய்.

அன்று மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். அவர் வாயை நம்பிப் பன்னிரண்டு பேர் குழாய்க்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் நாளைக்கே ஐஸ் தூக்கு என்பார்கள், இல்லை, வீட்டுக்குப் போ என்பார்கள். மூக்கு இல்லாத மூக்கு பாஸ்கலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நெடுநேரம் யோசித்துவிட்டு எழுந்து ஸ்டோருக்குள் போனார். அடி அலமாரியில் துருப்பிடித்த ஒரு தகர டப்பா கிடந்தது. உள்ளே கந்தகம் தோய்த்த குச்சிகள். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைத்தான் கொளுத்திக் குழாய் ஓரமாகக் காட்டுவார்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் பொசுக்கென்று வெள்ளைப் புகை கிளம்பும். அவர் மூக்கு பேர் வாங்கியதும் குச்சி ஸ்டோருக்குப் போய்விட்டது. இப்போது மூக்கு போய்விட்டது, குச்சி திரும்பி வந்தது.

மறுநாள் கையில் புகையும் குச்சியோடு வந்தவரைப் பார்த்துக் கோதண்டம் எழுந்து நின்றான். அவருக்கு உதவி ஆபரேட்டர் அவன். பதினைந்து வருடமாக அவரை மாமு என்று கூப்பிடுகிறவன்.

"இன்னா மாமு, கைல ஊதுபத்தி?"

"அந்தோணியாருக்கு வேண்டுதல்."

"கம்பெனிலயா?"

"அவரு எங்க வேணா வருவாரு."

கோதண்டம் மூன்று தும்மல் போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தப்பா நெனச்சிக்காத மாமு. உங்க அந்தோணியார் ஊதுபத்தி பட்டாசு வெடிச்ச தெரு மாதிரி நாறுது. எப்டி இத மூஞ்சிகிட்டயே வச்சிகினு நடக்குற?"

கந்தகம் நாறும் என்பதே பாஸ்கலுக்கு மறந்துபோயிருந்தது.

"பக்தி இருந்தா நாறாது" என்றார்.

கோதண்டம் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அன்று முதல் அந்தப் புகை அவனைக் கடந்து போகும்போதெல்லாம் மூச்சை அடக்கிக் கைகூப்பி நின்றான்.

குச்சி மட்டும் போதவில்லை. சின்னக் கசிவை அது காட்டித் தராமல் போகலாம். அதற்கு யசோதராவின் மேஜை டிராயரில் மருந்து இருந்தது.

யசோதரா வியாசர்பாடிப் பெண். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எட்டு மாதத்துக்கு முன்பு சேஃப்டி அசிஸ்டெண்டாக வந்தவள். அவள் குரல் கம்ப்ரெஸர் சத்தத்தைத் தாண்டி வராது. அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதி ஒட்டிவிடுவாள். "முகமூடி இல்லாமல் உள்ளே வராதீர்கள்." "கசிவு என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போங்கள்." "கண் எரிந்தால் கசக்காதீர்கள். பதினைந்து நிமிடம் தண்ணீரில் கழுவுங்கள்." ஐஸ் தூக்குகிறவர்கள் அவளுக்கு நோட்டீஸு என்று பேர் வைத்திருந்தார்கள். அமோனியா கசிந்தால் தானாக ஊளையிடும் சென்சார் வேண்டும் என்று முதலாளி பகலவனுக்கு அவள் ஐந்து முறை எழுதிக் கொடுத்திருந்தாள். ஐந்தும் அவர் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பத்திரமாக இருந்தன.

அவளுடைய டிராயரில் சிவப்பு லிட்மஸ் பேப்பர் இருந்தது. தண்ணீரில் நனைத்துக் காட்டினால், அமோனியா பட்ட உடனே நீலமாகிவிடும். பாஸ்கல் அதில் தினம் இரண்டு மூன்று கிழித்துச் சட்டைப்பையில் இருந்த ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். காலையில் ஒன்றை நனைத்து உள்ளங்கையில் ஒட்டிக்கொள்வார். ஒரு கையில் புகை, இன்னொரு கையை ஆசீர்வாதம் போலத் தூக்கி ஒவ்வொரு வால்வுக்கும் காட்டிக்கொண்டே நடப்பார்.

"மாமு சாமியாராவே ஆய்ட்டாருடா" என்றான் கோதண்டம், மற்றவர்களிடம் அடங்கிய குரலில்.

முன்பெல்லாம் பாஸ்கலின் சுற்று ஐந்து நிமிடம். இப்போது முக்கால் மணி நேரம். பின்பக்கத்துக் குழாய், தொட்டிக்கு அடியில் இருக்கும் குழாய், மூக்கு இருந்த காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காத மூலைகள் எல்லாவற்றுக்கும் குனிந்து வளைந்து போய்வந்தார்.

ஒருநாள் டிராயரில் பேப்பர் தீர்ந்திருந்தது. யசோதரா எதையும் எண்ணி வைக்கிற பெண் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மறுநாள் காலை அவருடைய சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் பிரிக்காத புது பாக்கெட் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் எழுதுகிறவள் அதில் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பிரஷர் மீட்டரை, பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் போனார்.

"யசோதராம்மா, ஒரு டவுட்டு. சும்மா கேக்கறேன். ஒர்த்தனுக்கு மோப்பமே இல்லன்னு வையி. கேஸ் வந்தா தெரியவே தெரியாதா அவனுக்கு?"

"எரியும் அண்ணா. கண்ணு எரியும், மூக்குக்குள்ள குத்தும். எரிச்சல் வேற, வாசனை வேற. ஆனா எரியற அளவுக்கு வந்துட்டா லேட்டு." மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "மூக்கு நல்லா இருக்கிறவங்களுக்கும் அதே கதிதான். எப்பவும் இங்கியே நிக்கறாங்க இல்ல, அவங்க மூக்கு பழகிடும். கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சா ஒண்ணுமே இல்லன்னு சொல்லும். மூக்கு பொய் சொல்லும் அண்ணா. பேப்பர் சொல்லாது."

எட்டு மாதத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் வெட்கம் வந்துவிட்டது. போய் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள்.

முப்பத்தோராம் நாள் காலை அந்தப் பேப்பர் உண்மையைச் சொன்னது.

விசைப்படகுகள் வரிசையாக நின்றிருந்தன. பன்னிரண்டு பேரும் தொட்டிக்குப் பின்னால் கூட்டமாக நின்று யாருடைய மாமியாரையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே இருந்த வால்வுக்குப் பாஸ்கல் உள்ளங்கையைக் காட்டினார். கையை இறக்கிப் பார்த்தார். மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு நீலப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேப்பர் முழுக்கப் பரவியது.

"கேஸ்!" என்று கத்தினார். "கடல் பக்கம் ஓடுங்கடா! காத்து அங்கேர்ந்து வருது! கடல் பக்கம்!"

அவர் சொன்னால் மறு பேச்சில்லை. கொக்கிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பாஸ்கலும் கோதண்டமும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு பக்க வால்வையும் அடைத்து, தளர்ந்திருந்த நட்டை முறுக்கி, மறுபடி பேப்பர் காட்டி, அது சிவப்பாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஒருவனுக்கு மட்டும் கண் சிவந்திருந்தது. யசோதரா அவனைக் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க யாருக்கும் ஒண்ணுமே தெர்ல மாமு" என்றான் கோதண்டம், மூச்சு வாங்க. "அதுக்குக் கீழதான் இம்மாநேரம் நின்னுகினு இருந்தோம். உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

பாஸ்கல் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மீன் ஏலம் முடிவதற்குள் கதை துறைமுகம் முழுக்கப் பரவிவிட்டது. பாஸ்கல் கண்ணை மூடினாராம், கையைத் தூக்கினாராம், அந்தோணியார் வந்து எந்த வால்வு என்று காதில் சொன்னாராம். மூக்கு இருந்த இருபத்தேழு வருடத்தில் கிடைக்காத பேர், மூக்கு போன முப்பத்தோராம் நாள் கிடைத்துவிட்டது.

பகலவனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனிதர்தான். எதையும் விழாவாக்கிப் பார்ப்பதில் ஒரு ஆசை. ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் போகாது, ஐஸ் வேண்டாம், கம்பெனியை நிறுத்தி மொத்தக் குழாயையும் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள், சித்திரை முதல் தேதியில், பாஸ்கலுக்குப் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டார்.

அன்றைக்கே யசோதரா ஆறாவது கடிதத்தோடு போனாள். தடைக்காலத்தில் குழாயைப் பிரிக்கும்போதே சென்சாரையும் மாட்டிவிடலாம் என்று எழுதியிருந்தாள். பகலவன் வாசித்துவிட்டுச் சிரித்தார். பாஸ்கல் பக்கத்தில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

"மிஷின் எதுக்கும்மா? மிஷின் கெட்டுப்போகும். நம்ம பாஸ்கல் மூக்கு கெட்டுப்போகுமா?"

டீ கொஞ்சம் சிந்தியது. யசோதரா ஒரு கணம் பாஸ்கலைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். ஆறாவது கடிதமும் கண்ணாடிக்குக் கீழே போனது.

அன்று சாயங்காலம் பாஸ்கல் கோதண்டத்தைக் கேட்டார். "ஞாயித்துக்கிழம நான் வரமாட்டேனே, அன்னிக்கு யாருடா மோந்து பாக்கறது?"

"யாரு பாக்கணும்? நீ சனிக்கெழம கிளீன்னு சொன்னா ஞாயித்துக்கெழமக்கும் சேத்துத்தான் மாமு." கோதண்டம் உற்சாகமாக இருந்தான். "பதினஞ்சாந் தேதி பைப்பு தொறக்கறோம். காலைலயே வந்து கிளீன்னு சொல்லிடு. அந்த மாஸ்க்க மாட்டிகினு மனுசன் வேல செய்வானா, பேஜாரு. நீ சொல்லிட்டா கழட்டி வச்சிட்டு ஜாலியா பாக்கலாம்."

பாஸ்கல் சட்டைப்பையில் இருந்த ஜெபப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இப்படியாக நாற்பத்தொன்பதாம் நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை. பாஸ்கல் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி முன் நின்று மீசையை முறுக்கிப் பார்த்தார். சிலுவையம்மாள் பின்னால் வந்து நின்றாள். முப்பது வருடமாகத் துறைமுகத்தில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். செவுளைத் திறக்காமலே மீன் என்றைக்குப் பிடித்தது என்று சொல்வாள்.

"யோவ், ஒண்ணு கேக்கறேன். நேத்து பால் தீஞ்சிது. வூடே நாறிச்சி. பக்கத்து வூட்டுக்காரி ஓடியாந்தா. நீ அடுப்பு பக்கத்துலயே குந்திகினு பேப்பர் படிச்சிகினு இருந்த."

"சளிதாம்மே."

"ஏழு வாரமா சளியா?"

அவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். அவள் சுருக்குப்பையை அவிழ்த்து எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தகடு போல மெல்லிய சின்ன வெள்ளி மூக்கு. கோயில் வாசலில் விற்பது. கண் சரியானால் வெள்ளிக் கண், கால் சரியானால் வெள்ளிக் கால் என்று உண்டியலில் போடுவார்கள்.

"ஏழு செவ்வா அந்தோணியார் கோயிலுக்கு போய்ட்டேன். சரியாச்சின்னா போட்டுடறேன்னு வேண்டிகினு கீறேன்."

"எப்ப கண்டுபுட்ச்ச?"

"மொத வாரமே. கெட்டுப்போன காரப்பொடி மீன மொளகு போட்டு வறுத்து வச்சேன். நீ சூப்பரா கீதுன்னு துன்ன." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயப்படாத, ஒரே ஒரு துண்டுதான். மீன் விக்கறவ கிட்ட மூக்க மறைக்கறான் பாரு."

"எனக்கு ஏன்மே சொல்லல?"

"நீ ஏன்யா எனக்குச் சொல்லல?" அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "எனக்கு இனிமே நீ சொல்லவேணாம். தெரியாத பன்னெண்டு பேரு அங்க கீறானுங்க."

கம்பெனி வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். படகுக்காரர்கள், மீன்காரிகள், குழந்தைகள் என்று ஒரே கூட்டம். கோதண்டம் மூன்று நாள் பாடுபட்டு ஓர் ஐஸ் பாருக்குள் ரோஜாவும் சாமந்தியும் அடுக்கி, நடுவில் "மூக்கு பாஸ்கல்" என்று அட்டையில் எழுதி உறைய வைத்திருந்தான். அதை மேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். வெயிலில் அது மெதுவாகக் கரைந்துகொண்டிருந்தது. குழந்தைகள் சுற்றி நின்று அதில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தார்கள். வியாசர்பாடியில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு நேராக வந்திருந்த யசோதரா, நீலப் புடவையில், கையில் லட்டு டப்பாவோடு கடைசி வரிசையில் நின்றாள். சமையலுக்கு வந்திருந்த லியாகத் அலி பாய் பிரியாணி தேக்சாவைத் திறந்தபோது கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. பாஸ்கல் ஆவியை மட்டும் பார்த்தார்.

பகலவன் மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் பேசினார். கடைசியில் சிவப்பு வெல்வெட் தட்டு ஒன்றை வாங்கி, துணியை விலக்கினார்.

எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளி மூக்கு.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பகலவன் கோயில் வாசல் மிதிக்காத பரம்பரை. பாராட்டுக்கு ஒரு வெள்ளி மூக்கு வேண்டும் என்று கடையில் சொன்னார், கடைக்காரர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டார். ஆனால் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வெள்ளி மூக்கு என்றால் என்ன என்று பச்சைக்குழந்தைக்கும் தெரியும். கெட்டுப்போன மூக்குக்குத்தான் அதைக் கொடுப்பார்கள்.

முதலில் சிரித்தது சிலுவையம்மாள்தான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. பக்கத்து மீன்காரி என்னவென்று தெரியாமலே சிரித்தாள். வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது.

"மாமு," என்று கோதண்டம் கீழேயிருந்து கத்தினான், "இத வூட்ல வெக்கறதா, உண்டில போடறதா?"

சந்தோஷத்தில்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்த பகலவனும் சேர்ந்து சிரித்தார். "இந்த மூக்கு இருக்கிற வரைக்கும் நம்ம கம்பெனிக்கு ஒரு குறையும் வராது! பாஸ்கலு, ரெண்டு வார்த்த பேசு!"

மைக் பாஸ்கல் கைக்கு வந்தது. வெள்ளி மூக்கு இடது கையில் கனத்தது. பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக் காலை அவர் ஒரு வார்த்தை சொன்னால் முகமூடியைக் கழற்றப் போகிறவர்கள்.

"மொதலாளி," என்றார். மைக் ஒருமுறை கீச்சிட்டது. "மூக்குக்கு மரியாத பண்ணீங்க. ஒண்ணு கேட்டா குடுப்பீங்களா?"

"எதுவானாலும் கேளுய்யா!"

"நம்ம யசோதராம்மா ஆறு வாட்டி எழுதிக் குடுத்துச்சே, அந்த மிஷினு. இந்த ரெண்டு மாசத்துல மாட்டிடுங்க."

பகலவன் கூட்டத்தைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்கிற மனிதர் இல்லை அவர். "குடுத்தேன்!" என்று கையைத் தூக்கினார். கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் யசோதராவின் கையிலிருந்து லட்டு டப்பா நழுவப் பார்த்தது.

இத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மிஷின் வந்துவிடும், பேரும் இருக்கும். பாஸ்கல் நாற்காலியைப் பார்த்தார். அதற்குள் பகலவன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஆனா ஒண்ணு புரியல பாஸ்கலு. உன் மூக்கு இருக்கிறப்போ மிஷின் எதுக்குய்யா?"

"அதானே?" என்றான் கோதண்டம். "மாமு நாளைக்கிக் காலைல ஒரு ரவுண்டு வந்தா போதாதா?"

பாஸ்கல் வெள்ளி மூக்கை மேஜைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து விரித்தார். சிவப்புப் பேப்பர்கள் மேஜையில் உதிர்ந்தன. பிறகு ஒரு கந்தகக் குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"கோதண்டம், இது ஊதுபத்தி இல்லடா."

"பின்ன?"

"கசிவு பாக்கற குச்சி. நீ நாறுதுன்னு சொன்னியே, சரியாத்தான் சொன்ன. இந்தப் பேப்பரு யசோதராம்மா குடுத்தது. அன்னிக்கு கேஸக் கண்டுபுட்ச்சது இதுதான். நாளைக்கி இது ரெண்டும் சொல்றதுக்கு முன்னாடி எவனும் மாஸ்க்க கழட்டக்கூடாது. நான் சொன்னாலும் கழட்டாத."

ஐஸ் பாரிலிருந்து ஒரு ரோஜா விடுபட்டுத் தண்ணீரோடு மேடைக்கடியில் மிதந்து வந்தது. சிலுவையம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமு?" என்றான் கோதண்டம்.

பாஸ்கல் மைக்கை வாய்க்குப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில் கொண்டுபோனார். துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி அவர் குரல் ஒலித்தது:

"ஏன்னா, எனக்கு நாப்பத்தொம்போது நாளா எந்த வாசனையும் தெரியாது."